ஒற்றைமுலைச் சேனை

1993 ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஞாயிறு இதழ் அட்டையில் ஒரு பெண்ணின் புகைப்படம் வெளிவந்தது. வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துணிக்கட்டு. உடையின் ஒரு பக்கம் வெட்டி விலக்கப்பட்டிருக்கிறது. முலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் தழும்பு. எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் ஒருவரே: மாதுஷ்கா என்ற ஒற்றைப் பெயரில் இயங்கிய கலைஞர், ஒரு காலத்தில் மாடலாக இருந்தவர். படத்துக்கு அவர் வைத்த பெயர் 'சேதத்திலிருந்து அழகு'.

ஒரு புகைப்படத்தை நிகழ்த்துகலை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம் என்றே எனக்குப் படுகிறது. லட்சக்கணக்கான வீடுகளில் ஞாயிறு காலைக் காப்பிக்கு நடுவே, கேளாமல் வந்து நின்றது அந்த உடம்பு. டிக்கெட் வாங்கி வந்த பார்வையாளன் அல்ல அங்கே இருந்தது. கோபித்தும் நன்றி சொல்லியும் கடிதங்கள் குவிந்தன. நிகழ்ச்சியின் இரண்டாம் பாதி அந்தக் கடிதங்கள்தான்.

இந்த நிகழ்த்தலுக்கும், அதன் பிறகு வந்த சட்டத்துக்கும் என்ன உறவு என்பது சில காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஹால்ஸ்டட் என்ற பால்டிமோர் அறுவை நிபுணர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறை, முலையோடு அதன் அடியிலுள்ள தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடுவது. 1970-கள் வரை அமெரிக்காவில் இதன் ஆதிக்கம் குறையவில்லை. இதைவிடக் கொடுமை இன்னொன்று. கட்டி புற்றுதானா என்று பார்க்க மயக்கமருந்து வாங்கிக்கொண்ட பெண், புற்றுதான் என்று தெரிந்தால் அதே மயக்கத்தில் முலையை இழந்துதான் கண்விழிப்பாள். கையெழுத்து முன்பே வாங்கப்பட்டிருக்கும். 1974-ல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இப்படிக் கையெழுத்திட மறுத்தார். சோதனை தனியாக, சிகிச்சை தனியாக என்று அவர் எழுதியும் வாதாடியும் வந்தார். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு அவர் பக்கம் வந்தது. மருத்துவரல்லாத அவரும் அதில் உறுப்பினர். அதே வருஷம் மாஸசூசெட்ஸ் மாநிலம், மாற்றுச் சிகிச்சைகள் என்னென்ன என்று நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் செய்தது. முதல் சட்டங்கள் கொடுத்தது தகவலை. அது சிறிய விஷயமல்ல.

கறுப்பினக் கவி ஆட்ரி லார்டுக்கு 1978-ல் ஒரு முலை எடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு தொண்டர் வந்து, ஆட்டுரோமம் அடைத்த பஞ்சுப்பொதி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள. சில நாள் கழித்து டாக்டரிடம் அவர் அதை வைத்துக்கொள்ளாமல் போனபோது, இப்படி வந்தால் இங்கே வருகிறவர்களின் மனத்தெம்பு கெட்டுவிடும் என்றாள் நர்ஸ். லார்டுக்கு இஸ்ரேலிய மந்திரி மோஷே தயானின் நினைவு வந்தது. கண்போன இடத்தில் கறுப்புப் பட்டையோடு அவர் உலகெல்லாம் சுற்றினார். கண்ணாடிக் கண் வைத்துக்கொள், எங்கள் மனத்தெம்பு கெடுகிறது என்று யார் சொன்னார்கள்? 1980-ல் வெளிவந்த புற்றுநோய்க் குறிப்புகளில் லார்ட் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஒற்றைமுலைப் பெண்களின் சேனை ஒன்று அமெரிக்கக் காங்கிரஸின் மீது இறங்கி, மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் புற்றுண்டாக்கும் ஹார்மோன்களைத் தடைசெய் என்று கேட்டால் என்ன ஆகும்? கவி கேட்பது அனுதாபத்தையல்ல. குறிப்பான ஒரு சட்டத்தை.

நம்மவர்கள் உடனே கண்ணகியைச் சொல்வார்கள். கண்ணகி முலையைத் திருகி எறிந்தது பாண்டியன் செத்த பிறகு. அவள் கேட்டது தீர்ப்பு, சட்டமல்ல. ஒப்புமை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் இளங்கோவுக்கு முலை என்று எழுதக் கூச்சமில்லை. மார்பகம் என்று மூடிவைத்தது நம் பத்திரிகைத் தமிழ்தான்.

லண்டனில் 1982-ல் ஜோ ஸ்பென்ஸ். வெள்ளைக் கோட்டு டாக்டர் ஒருவர் தம்மை யாரென்றும் சொல்லாமல் அவர் இடது முலைக்கு மேல் மையால் பெருக்கல் குறி போட்டார். முலையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன் அதே முலை மேல் 'ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?' என்று எழுதிப் படமெடுத்து, அதைத் தாயத்து மாதிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எழுதியது யார், எழுதப்பட்டது யார் மேல் என்பதே அங்கே முழு நாடகமும். மாதுஷ்காவைவிட இவர்தான் எனக்குப் பெரிய கலைஞராகத் தெரிகிறார். பின்னவரின் அட்டைப்படத்தில் ஃபேஷன் பத்திரிகையின் மினுக்கு போகவேயில்லை.

லார்டின் சேனை வந்ததா? வந்தது என்றும் சொல்லலாம். 1991-ல் அமைப்புகள் பல கூடி தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டணியை அமைத்தன. 1992-ல் காங்கிரஸ் ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலர் ஒதுக்கியது. பாதுகாப்பு பட்ஜெட்டிலிருந்து. உள்நாட்டுச் செலவுக்கு உச்சவரம்பு இருந்ததால் பணம் ராணுவக் கணக்கில் ஏறியது. சேனை என்ற சொல்லை லார்ட் இப்படியா நினைத்திருப்பார்! அந்த வருஷமே அவர் இறந்துபோனார். மாதுஷ்காவின் படம் வந்த இரண்டு மாதத்தில், 26 லட்சம் கையெழுத்துகள் ஜனாதிபதி கிளிண்டனிடம் போய்ச் சேர்ந்தன.

1998 அக்டோபர் 21-ல் சட்டம் வந்தது, பெரிய செலவு மசோதா ஒன்றின் வாலில் கட்டப்பட்டு. முலையகற்றும் சிகிச்சைக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ் திட்டம், புதிய முலையை உருவாக்கவும், இரண்டும் ஒத்திருக்கும்படி மற்றதைத் திருத்தவும், செயற்கை முலைக்கும், நிணநீர் வீக்கத்துக்கும் தர வேண்டும். அறுத்த அன்றே வீட்டுக்கு அனுப்புவதைத் தடுக்க 1997-லிருந்து கேட்கப்பட்ட குறைந்தபட்ச ஆஸ்பத்திரி நாட்கள் இதில் இல்லை. மாடுகளுக்கு ஹார்மோன் கொடுப்பதை ஐரோப்பா நிறுத்தியது; அமெரிக்கா இன்னும் அனுமதிக்கிறது.

தழும்பைக் காட்டியவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது அதை மூடிக்கொள்ளும் செலவு என்று ஒரு நண்பரிடம் நான் சொன்னேன். கெட்டிக்காரத்தனமான வாக்கியம். சொன்ன அன்று இரவு சித்தி ஞாபகம் வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் அது கனத்து இறங்கிவிடும். கல்யாண வீடுகளில் அடிக்கடி எழுந்து உள்ளே போய்ச் சரிசெய்துகொண்டு வருவாள். அவளுக்கு ஒரு நல்ல பொதி கிடைத்திருந்தால் கடைசிவரை பந்தியில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் நான் லார்டின் புத்தகத்தைக் கொடுத்திருப்பேனா?

அந்த நண்பரை மறுபடி பார்த்தபோது வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் ஏற்கனவே அதை இரண்டு பேரிடம் சொல்லியிருந்தார்.