பிள்ளைவாள் எழுதிய லாக்

சர்வர் ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தால், காலையில் நமக்கு மிஞ்சுவது லாக் ஃபைல் மட்டும்தான். எப்போது நடந்தது, என்ன நடந்தது, தகவல் எங்கிருந்து வந்தது என்ற மூணும் அதில் இருக்கணும்.

எங்கள் புதுச்சேரியில் இதை 18ஆம் நூற்றாண்டிலேயே செய்தவர், பின்னாளில் டூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை போகிறது அவர் நாட்குறிப்பு. தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டுத்தான் பதிவு ஆரம்பிக்கும். கப்பல் வந்தது, பீரங்கி மரியாதை, சரக்கு வியாபாரம், கவர்னர் சொன்னது, ஊர் வதந்தி என்று எல்லாம் உண்டு. கண்டது எது, கேள்விப்பட்டது எது என்பதும் தெரியும்.

எது பின்னால் முக்கியமாகும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட சமயம், செப்டம்பரில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. இடிக்கச் சொன்னது அவர் வேலை பார்த்த நிர்வாகம். ஆனாலும் மறைக்காமல் எழுதி வைத்தார். இன்று அதை விவரமாகப் பேச முடிவது அதனால்தான்.

அவருக்குப் பின் 85 வருஷம் கழித்து, 1846இல்தான் இந்தக் குறிப்புகள் வெளி உலகுக்குத் தெரிய வந்தன. அதற்குள் சில பகுதிகள் தொலைந்துவிட்டன. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று இனி அவரிடம் கேட்க முடியாது.

நாமோ எர்ரர் தவிர மற்றதை அணைத்துவிட்டு, அதையும் 30 நாளில் அழிக்கிறோம். பழைய லாக்கை அழிக்க ஸ்கிரிப்ட் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொலைந்த பக்கங்கள்தான் ஞாபகம் வரும்.