பயிற்றுவிப்பாளரை மாற்றினால் பந்து வலைக்குள் போகுமா?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். காற்பந்தில் குடம் யார் கையிலிருந்து விழுந்தாலும், உடைத்தவர் என்று பெயர் வாங்குபவர் ஒருவர்தான். அவர் பயிற்றுவிப்பாளர். முன்வரிசை ஆட்டக்காரர் கோலைக் கோட்டை விட்டாலும், கோல்காப்பாளர் பந்தை நழுவ விட்டாலும், சங்கம் திட்டமிடத் தவறினாலும், தலை உருளுவது அவருக்கே. பதினொரு பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒருவரை மாற்ற முடியும். இந்த எளிய கணக்குதான் உலகெங்கும் பருவத்தின் நடுவே பயிற்றுவிப்பாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவதற்குக் காரணம். அவர் போகும்போது துணைப் பயிற்றுவிப்பாளரும் கோல்காப்பாளர் பயிற்சியாளரும் பல நேரங்களில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த வைத்தியம் நோயைத் தீர்க்கிறதா? சிங்கப்பூர்க் காற்பந்தின் வரலாற்றைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்.

தேக்காவை ஒட்டிய திடல்கள்

சிங்கப்பூர்க் காற்பந்தின் கதையைத் தேக்கா வட்டாரத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயத் திடல் 1933ல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. அதன் பிறகு ஃபேரர் பார்க் திடல் பந்தாட்டப் பிள்ளைகளின் இடமானது. சற்றுத் தள்ளி, 1929ல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம். தேசிய விளையாட்டரங்கம் 1973ல் காலாங்கில் எழும்வரை பெரிய ஆட்டங்களுக்கு அதுவே களம்.

இந்தத் திடல்களில் இளையர்களை உருட்டி மிரட்டி ஆட்டக்காரர்களாக்கியவர் சூ செங் குவீ. 'அங்கிள் சூ' என்றால்தான் பலருக்குத் தெரியும். மலாயாக் குழுவுக்குப் பயிற்சி தந்து 1958, 1959, 1960 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மெர்டேக்காக் கிண்ணத்தை வெல்ல வைத்தவர் அவர். ஆனால் சிங்கப்பூர்க் குழுவின் பொறுப்புக்கு அவர் பலமுறை வந்தார், பலமுறை போனார். கண்டிப்பும் வெடுக்கென்ற பேச்சும் அவரது சொத்து. அதிகாரிகளோடு உரசலும் அப்படியே.

வழக்கறிஞர் என். கணேசன் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்த காலத்தில் அங்கிள் சூ மீண்டும் அழைக்கப்பட்டார். 1965க்குப் பிறகு மலேசியக் கிண்ணம் கைக்கு எட்டாமல் இருந்தது. 1975, 1976 என இரண்டு ஆண்டுகள் இறுதி ஆட்டம்வரை போய், இரண்டு முறையும் சிலாங்கூரிடம் தோல்வி. 1977 மார்ச்சில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று சொந்த மண்ணிலேயே நடந்தது. அதன் முடிவான ஆட்டத்தில் ஹாங்காங்கிடம் 0-1 என்று சிங்கப்பூர் தோற்றது. இன்றைய வழக்கப்படி பார்த்தால், மறுநாள் காலைப் பத்திரிகையிலேயே பயிற்றுவிப்பாளரின் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏறக்குறைய இரண்டரை மாதம் கழித்து, மே 28ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் குவா கிம் சோங் கூடுதல் நேரத்தில் அடித்த கோலால் பினாங்கை 3-2 என்று வென்று, கிண்ணம் 12 ஆண்டுகளுக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்தது. மார்ச்சில் தோற்றவரும் மே மாதம் வென்றவரும் ஒரே மனிதர்தான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பின்னர் நோயால் ஒரு காலை இழந்த அங்கிள் சூ 1983ல் மறைந்தார்.

ஒரு கோலும் ஒரு பெருங்கனவும்

1998 செப்டம்பரில் ஹனோயில் டைகர் கிண்ண இறுதி ஆட்டம். உள்ளூர் ரசிகர்கள் நிரம்பிய அரங்கில், ஆர். சசிகுமாரின் உடலில் பட்ட பந்து வியட்னாமின் வலைக்குள் விழுந்தது. அந்த ஒரே கோல் சிங்கப்பூருக்கு முதல் வட்டாரப் பட்டத்தைத் தந்தது. பயிற்றுவிப்பாளர் பாரி விட்பிரெட் விடைபெற்றார். அதே ஆண்டில் 'கோல் 2010' என்ற பெருங்கனவும் பிறந்தது. 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவதே இலக்கு.

விட்பிரெட்டுக்குப் பின் வந்தவர் வின்சென்ட் சுப்பிரமணியம். 1990களின் தொடக்கத்தில் பி. என். சிவாஜிக்குக் கிடைத்த அந்த நாற்காலியில் மீண்டும் ஓர் இந்தியர் அமர்ந்தார். ஆனால் வெற்றி பெற்றவருக்குப் பின் வருவது எப்போதும் முள் இருக்கைதான். 2000ல் தாய்லாந்தில் நடந்த டைகர் கிண்ணத்தில் நடப்பு வெற்றியாளரான சிங்கப்பூர் முதல் சுற்றோடு வெளியேறியது. அவரது காலமும் முடிந்தது.

அடுத்து டென்மார்க்கின் யான் பௌல்சன். 2002 டிசம்பரில் சொந்த அரங்கில், பரம எதிரியான மலேசியாவிடம் 0-4. காலாங்கில் ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டியோடு அவரும் வெளியே. பன்னிரண்டு ஆண்டுக் கனவுத் திட்டம் ஒன்று தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில் மூன்றாவது பயிற்றுவிப்பாளரைத் தேட வேண்டியிருந்தது. வீடு கட்டும்போது மேஸ்திரியை மூன்று முறை மாற்றினால் சுவர் நேராக நிற்குமா?

பொறுமைக்குக் கிடைத்த கூலி

2003ல் வந்தார் செர்பியரான ராடோய்கோ அவ்ராமோவிச். அவரது குழு இந்தோனீசியாவை இரண்டு ஆட்டங்களிலும் வென்று 2004 டைகர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2007ல் மீண்டும் பட்டம். இதுவரை எல்லாரும் அறிந்த கதை. மறந்துபோன பகுதி ஒன்றுண்டு. 2010ல் அதே அவ்ராமோவிச்சின் குழு குழுச் சுற்றிலேயே வெளியேறியது. வின்சென்ட் சுப்பிரமணியத்தின் காலத்தை முடித்துவைத்த அதே வகைத் தோல்வி அது. இம்முறை சங்கம் அவரை அனுப்பவில்லை. 2012ல் தாய்லாந்தை வீழ்த்தி நான்காவது முறையாக வட்டாரக் கிண்ணத்தைத் தூக்கியது சிங்கப்பூர். ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டு, மூன்று பட்டங்கள், ஒரே மனிதர்.

எல்லைக்கு அப்பாலும் அதே பாடம்தான். 2010ல் கே. ராஜகோபாலின் மலேசியக் குழு முதல் ஆட்டத்தில் இந்தோனீசியாவிடம் 1-5 என்று நொறுங்கியது. அன்றிரவே அவரை நீக்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நீக்கவில்லை. அதே மாதம், அதே இந்தோனீசியாவை இறுதிச் சுற்றில் வென்று மலேசியா முதன்முறையாக வட்டாரப் பட்டத்தைப் பெற்றது.

சுந்தரமூர்த்தியின் இரு முகம்

வி. சுந்தரமூர்த்தியின் கதை இன்னும் சிந்திக்க வைப்பது. சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவரை போய் ஆடிய, சிங்கப்பூர் கண்ட மிகத் திறமையான ஆட்டக்காரர்களில் ஒருவர். 1993ல் புருணைக்கு எதிராகத் தலைகீழாகப் பறந்து அவர் அடித்த கோலை இன்றும் கோப்பிக்கடையில் பேசும் மூத்தவர்கள் உண்டு. பயிற்றுவிப்பாளராகி, லயன்ஸ் 12 குழுவை 2013ல் மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராக்கினார். பட்டத்தை உறுதி செய்த ஆட்டம் ஜாலான் புசாரில், ஃபெல்டா யுனைடெட்டுக்கு எதிராக 4-0.

மூன்று ஆண்டு கழித்து, பெர்ன்ட் ஸ்டாங்கவுக்குப் பின் தேசியக் குழு அவர் கைக்கு வந்தது. 2016 வட்டாரக் கிண்ணத்தில் ஒரு வெற்றியும் இல்லை. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டங்களில் இரண்டே புள்ளிகள், கடைசி இடம். 2018 ஏப்ரலில் அவர் விலகினார்.

2013ல் தெரிந்த வித்தை 2018ல் மறந்துபோய்விட்டதா? ஒரு மனிதரின் அறிவு ஐந்து ஆண்டில் ஆவியாகிவிடுமா? மாறியது அவர் கைக்குக் கிடைத்த ஆட்டக்காரர்களும் அவர்கள் ஆடிய லீக்கும்தான். லயன்ஸ் 12 குழு 2015ல் மலேசிய லீக்கிலிருந்து வெளியேறியது. வாரந்தோறும் கடும் போட்டியில் ஆடிய அனுபவமும் அதோடு போயிற்று. எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயன் என்ன?

அவ்ராமோவிச் 2012ல் போனபின் 2025வரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஸ்டாங்க, சுந்தரமூர்த்தி, ஃபாண்டி அகமது, தட்சுமா யோஷிடா, நஸ்ரி நாசிர், தக்காயுகி நிஷிகயா, ட்சுதோமு ஒகுரா, கேவின் லீ. சிலர் இடைக்காலம், சிலர் தாமாகவே விலகியவர்கள், சிலர் அனுப்பப்பட்டவர்கள். மொத்தம் எட்டுப் பெயர்கள். அந்தக் காலத்தில் வட்டாரக் கிண்ணம் ஒருமுறைகூட வரவில்லை.

ஆய்வு சொல்வது

மாற்றமே கூடாதா என்று கேட்கலாம். சென்னையின் எஃப்சி 2018-19 பருவத்தில் கடைசி இடம் பிடித்தது. அடுத்த பருவத்தின் தொடக்கமும் சறுக்கல். 2019 நவம்பர் இறுதியில் ஜான் கிரகோரி விலகி, ஓவன் காய்ல் வந்தார். அதே குழு 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம்வரை போனது. செல்சி குழு 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை நீக்கி டி மட்டேயோவை அமர்த்தி, மே மாதம் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தையே வென்றது. (ஆறு மாதத்தில் டி மட்டேயோவும் நீக்கப்பட்டார் என்பது தனிக்கதை.)

இப்படிச் சில வெற்றிகள்தான் நிர்வாகிகளின் கையில் கத்தியைக் கொடுக்கின்றன. ஆனால் நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் முடிவுகளை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல கேள்வி கேட்டார். பயிற்றுவிப்பாளரை நீக்கிய குழுக்கள் பிறகு முன்னேறின, சரி. அதே அளவுக்குச் சரிந்தும் நீக்காத குழுக்கள் என்ன ஆயின? அவையும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறின என்பதுதான் விடை.

காய்ச்சல் மூன்றாம் நாள் தானாகவே இறங்கும். அன்று பார்த்து மருத்துவரை மாற்றியவர், புது மருத்துவரின் கைராசி என்பார். காற்பந்திலும் அப்படியே. சரிவின் அடிமட்டத்தில்தான் நீக்கம் நடக்கிறது. அங்கிருந்து போக்கிடம் மேலே மட்டுமே.

சென்னையின் விதிவிலக்கு ஒன்றைக் காட்டுகிறது. அது 2018ல் பட்டம் வென்ற குழு. சரக்கு இருந்தது, சமையல்தான் கெட்டிருந்தது. சரக்கே இல்லாத இடத்தில் சமையற்காரரை மாற்றிப் பயனில்லை.

2025 சொன்ன பாடம்

2025ல் ஓர் அபூர்வமான சோதனை தானாகவே அமைந்தது. 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் ஒரே பிரிவில் இருந்தன. இரண்டு குழுக்களும் பாதி வழியில் பயிற்றுவிப்பாளரை இழந்தன. ஜூனில் ஒகுரா சொந்தக் காரணங்களுக்காக விலகினார். ஜூலையில் இந்தியாவின் மனோலோ மார்க்கெஸ் பொறுப்பை விட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியா இகோர் ஸ்டிமாச்சை நீக்கியிருந்தது.

இந்தியா வேறு இடத்திலிருந்து புதியவரைத் தேடி அமர்த்தியது. சிங்கப்பூர், ஒகுராவின் பக்கத்திலேயே துணையாக இருந்த கேவின் லீயிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஆட்டக்காரர்களை அவருக்குத் தெரியும். ஆட்ட முறை மாறவில்லை. அக்டோபரில் சொந்த மண்ணில் இந்தியாவுடன் 1-1. அடுத்து கோவாவில் 2-1 வெற்றி. நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில் 2-1. 1977ல் கனவைக் கலைத்த அதே ஹாங்காங்கை அதன் மண்ணிலேயே வீழ்த்தி, சிங்கப்பூர் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 1984ல் ஏற்று நடத்திய நாடு என்ற முறையில் ஆடியது நீங்கலாக, சொந்தத் திறமையால் பெற்ற முதல் தகுதி இது. ஆள் மாறியும் வேலை அறுபடாமல் தொடர்ந்ததற்கு இந்த வெற்றியில் பெரும் பங்குண்டு.

பொறுப்பு யாருடையது?

'கோல் 2010' நிறைவேறவில்லை. 2021ல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டம் 2034 உலகக் கிண்ணத்தைக் குறிவைக்கிறது. அந்த ஆண்டு களமிறங்க வேண்டியவர்கள் இன்று பள்ளிச் சீருடையில் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை அவர்கள் திடலுக்குப் போவதா, துணைப்பாட வகுப்புக்குப் போவதா என்பதைத் தீர்மானிப்பது பயிற்றுவிப்பாளர் அல்ல, பெற்றோர். பதினெட்டு வயதில் தேசிய சேவைக்குப் போகும் இளையர் ஆட்டத்தை விடாமல் இருக்க வழி செய்ய வேண்டியது அமைப்புகள். உள்ளூர் லீக்கின் இருக்கைகளை நிரப்ப வேண்டியது, நள்ளிரவில் இங்கிலாந்து ஆட்டத்துக்குக் கண்விழிக்கும் ரசிகர்கள்.

இவர்களில் யாரையும் பருவத்தின் நடுவே பதவிநீக்கம் செய்ய முடியாது. அதனால்தான் பழி எப்போதும் ஒருவர் தலையில் இறங்குகிறது. தவறு செய்த பயிற்றுவிப்பாளர் போகத்தான் வேண்டும். அதில் இரக்கம் காட்டத் தேவையில்லை. ஆனால் ஒருவரை அனுப்பும் ஒவ்வொரு முறையும் சங்கத்திடம் ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் ரசிகர்களுக்கு வர வேண்டும். அவர் போகிறார், சரி. அவர் தொடங்கிய வேலையை நாளைக் காலை எட்டு மணிக்குத் திடலில் தொடரப் போவது யார்? அதற்கு ஒரு பெயரும் ஒரு திட்டமும் பதிலாக வந்தால் அந்த மாற்றம் பலன் தரும். பதில் வராவிட்டால், பெயர்ப்பட்டியலில் ஒன்பதாவது பெயருக்கும் இடம் விட்டு வைக்க வேண்டியதுதான்.