சரக்குக் கப்பலின் கரிம உமிழ்வு: அணு உலையா, காற்றா?

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) நான்காவது பசுங்குடில் வாயு ஆய்வின்படி, 2018இல் உலகக் கப்பல் போக்குவரத்து வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களின் அளவு 107.6 கோடி டன். மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் கப்பல்களின் பங்கு 2.89 விழுக்காடு. இந்த உமிழ்வை 2008ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2030க்குள் குறைந்தது 20 விழுக்காடும், 2040க்குள் குறைந்தது 70 விழுக்காடும் குறைத்து, 2050 வாக்கில் நிகர சுழியத்தை எட்ட வேண்டும் என்று அவ்வமைப்பு 2023இல் இலக்கு வகுத்தது. இதற்கு முன்வைக்கப்படும் வழிகளில் அணு உலையும் காற்றும் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. இரண்டுமே ஏற்கெனவே கடலில் சோதிக்கப்பட்டவை. இரண்டுமே ஒருமுறை கைவிடப்பட்டவை. ஏன் கைவிடப்பட்டன என்பதை ஆராய்ந்தால், இன்று எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது தெளிவாகும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

அணுக் கப்பல்களின் அனுபவம்

இதுவரை கட்டப்பட்ட அணுசக்திச் சரக்குக் கப்பல்கள் நான்கே: அமெரிக்காவின் சவான்னா, மேற்கு ஜெர்மனியின் ஓட்டோ ஹான், ஜப்பானின் முட்சு, சோவியத் ஒன்றியத்தின் செவ்மார்புட். இவற்றுள் ஓட்டோ ஹானின் வரலாறு மிகுந்த கவனத்துக்குரியது. தாது ஏற்றிச் செல்லும் இக்கப்பல் 1968 முதல் 1979 வரை அணு உலையால் இயங்கி, ஏறக்குறைய 6,50,000 கடல் மைல் ஓடியது. 22 நாடுகளில் 33 துறைமுகங்களுக்குச் சென்றது. பின்னர் உலை அகற்றப்பட்டு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. உலையில் குறை இருந்ததால் இது நடக்கவில்லை. எண்ணெய்க் கப்பலோடு செலவில் போட்டியிட முடியவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் நுழையத் தனித்தனி அனுமதியும் உடன்பாடும் தேவைப்பட்டன.

முட்சுவின் கதை வேறு. 1974இல் முதல் சோதனை ஓட்டத்தின்போது, உலையின் காப்புக் கவசத்தில் இருந்த குறையால் கதிர்வீச்சு கசிந்தது. மீனவர்கள் எதிர்த்ததால் கப்பல் தன் சொந்தத் துறைமுகத்துக்கே ஒன்றரை மாதம் திரும்ப முடியவில்லை. அது வணிகச் சரக்கு எதையும் சுமக்காமலே ஓய்வு பெற்றது.

துறைமுகங்களில் நுழைவதற்கான தடை இன்றும் நீங்கவில்லை. அணுக் கப்பல் விபத்துக்கு யார், எவ்வளவு இழப்பீடு தருவது என்பதை வரையறுக்க 1962இல் பிரஸ்ஸல்ஸில் உருவான உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. போர்க் கப்பல்களையும் அது உள்ளடக்கியதை வல்லரசுகள் ஏற்கவில்லை. நிலத்திலுள்ள அணு நிலையங்களுக்கான பாரிஸ், வியன்னா உடன்படிக்கைகள் கப்பலை இயக்கும் உலைகளை விலக்கிவைத்துள்ளன. இழப்பீட்டுப் பொறுப்பு வரையறுக்கப்படாத கப்பலுக்குக் காப்பீடு கிடைப்பது கடினம். காப்பீடு இல்லாத கப்பலைத் துறைமுகம் ஏற்காது. 1981இல் ஐ.எம்.ஓ. வகுத்த அணு வணிகக் கப்பல் பாதுகாப்பு விதித்தொகுப்பும் அழுத்த நீர் உலைகளை மட்டுமே மனத்தில் கொண்டது. இன்று பேசப்படும் உருகிய உப்பு உலைகளுக்கு அது பொருந்தாது.

காற்றின் அனுபவம்

ஆன்டன் ஃபிளெட்னர் 1924இல் புக்காவ் என்ற கப்பலில் இரண்டு சுழல் உருளைகளை நிறுத்தினார். சுழலும் உருளையின் மீது காற்று படும்போது, காற்றோட்டத்துக்குக் குறுக்காக ஒரு விசை பிறக்கும். அவ்விசையே கப்பலைத் தள்ளும். 1926இல் அக்கப்பல் அட்லான்டிக்கைக் கடந்தது. ஆயினும் மலிவான எரிபொருளும் டீசல் எஞ்சினும் அதை ஓரங்கட்டின. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஜப்பான் 1980இல் ஷின் ஐதோகு மாரு என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் கணினியால் இயங்கும் பாய்களைப் பொருத்தியது. எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை சரிந்ததும் அம்முயற்சியும் தேய்ந்தது.

இப்போது கிடைக்கும் அளவீடுகள் உறுதியானவை. மெர்ஸ்க் பெலிக்கன் எண்ணெய்க் கப்பலில் 2018இல் பொருத்தப்பட்ட 30 மீட்டர் உயர உருளைகள் இரண்டும், ஓராண்டில் 8.2 விழுக்காடு எரிபொருளை மிச்சப்படுத்தின. பிக்சிஸ் ஓஷன் என்ற மொத்தச் சரக்குக் கப்பல் 2023 ஆகஸ்டில் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு இறக்கைப் பாய்களுடன் புறப்பட்டு, முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 3 டன் எரிபொருளை மிச்சப்படுத்தியது. ஒரு டன் கனரக எண்ணெய் எரிந்தால் சுமார் 3.1 டன் கரியமில வாயு வெளியாகும். இவ்விரண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கப்பல்கள். பாய்களுக்காகப் புதிதாகக் கட்டப்பட்டவை அல்ல.

ஒப்பீடு

அணு உலையை ஆதரிப்போரின் வலுவான வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். காற்று பத்தில் ஒரு பங்கைக் குறைக்கும். அணு உலையோ ஓட்டத்தின் உமிழ்வை முழுதும் நீக்கும். ஒரு கப்பலை மட்டும் கணக்கிடுவோம். இன்றே பாய் பொருத்தி 20 ஆண்டுகள் 10 விழுக்காடு மிச்சப்படுத்தினால், இரண்டு ஆண்டு உமிழ்வு தவிர்க்கப்படும். 15 ஆண்டு கழித்து வரும் அணுக் கப்பல், மீதமுள்ள ஐந்தே ஆண்டுகளில் ஐந்து ஆண்டு உமிழ்வைத் தவிர்த்துவிடும். இக்கணக்கில் அணுவே வெல்லும்.

ஆனால் உலகில் ஓடும் வணிகக் கப்பல்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வளிமண்டலத்தைச் சூடாக்குவது ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும் கரியமில வாயு. ஆகவே எத்தனை கப்பல்களை, எவ்வளவு விரைவில் மாற்ற முடியும் என்பதே முடிவு செய்யும். அகன்ற மேல்தளம் கொண்ட எண்ணெய்க் கப்பல்களிலும் மொத்தச் சரக்குக் கப்பல்களிலும் பாய்களை ஒரு கப்பல்கட்டுத் தளத்தில் பொருத்திவிடலாம். அணு உலையைப் பழைய கப்பலில் செருக வழியில்லை. கப்பலையே உலையைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

வேகத்தையும் கருத வேண்டும். கப்பலை இயக்கத் தேவைப்படும் திறன், ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப்படி உயர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவையான திறன் 27 விழுக்காடு குறையும். பயணம் நீள்வதைச் சேர்த்தாலும் ஒரு பயணத்துக்கான எரிபொருள் 19 விழுக்காடு மிச்சம். வேகம் குறையக் குறைய மொத்தத் தேவையில் காற்றின் பங்கு கூடும். அணுக் கப்பலில் முதலீடு பெரிது, எரிபொருள் செலவு சிறிது. அதனால் அதன் பொருளியல் வேகமாக ஓடவே தூண்டும். ஆகவே அதற்குப் பொருத்தமான இடம், பல்லாயிரம் கன்டெய்னர்களை அடுக்கி, பாய் நிறுத்த இடமே இல்லாமல், குறித்த சில பெருந்துறைமுகங்களிடையே ஓடும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள்தாம்.

செய்ய வேண்டியவை

இரண்டின் முட்டுக்கட்டைகளும் கப்பலுக்கு வெளியே இருக்கின்றன. காற்றை வீழ்த்தியது மலிவான எண்ணெய். எனவே அதற்குத் தேவை நிலையான கரிம விலை. அத்தகைய விலையை உள்ளடக்கிய ஐ.எம்.ஓ. திட்டம் 2025 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றும், அக்டோபரில் அதை ஏற்கும் முடிவு ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. பாய் பொருத்தலாமா எனக் கணக்குப் பார்க்கும் கப்பல் உரிமையாளருக்கு இந்த ஒத்திவைப்பு நேரடி இழப்பு. அணுவை முடக்கியது இழப்பீட்டுச் சட்டத்தின் வெற்றிடம். அதை நிரப்பாமல் எத்தனை புதிய உலை வடிவங்கள் வந்தாலும் அவற்றுக்குத் துறைமுகம் திறக்காது.

முன்னுரிமை வரிசை இதிலிருந்து பிறக்கிறது. கரிம விலையை உடனே நிறுவி, பொருந்தும் கப்பல்களிலெல்லாம் காற்றைப் பயன்படுத்த வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும். எஞ்சும் தேவையைப் பசுமை மெத்தனால், அம்மோனியா போன்றவற்றால் நிரப்பும்போது, காற்று மிச்சப்படுத்தும் ஒவ்வொரு டன்னும் விலையுயர்ந்த எரிபொருளின் தேவையைக் குறைக்கும். அணுவுக்கான இழப்பீட்டு உடன்படிக்கையையும் பாதுகாப்பு விதிகளையும் இதே காலத்தில் எழுதி முடிக்கலாம். ஆனால் அணுக் கப்பல் வரும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டி இன்றைய உமிழ்வைத் தொடர்வதற்கு அறிவியல் நியாயம் எதுவும் இல்லை.