கடலடிப் புல்வெளியும் கரையோர மக்களும்

போர்த்துக்கேயர் மன்னாரிலே கோட்டை அமைத்தது 1560ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டில், அத்தீவையடுத்த கடலிலே கடல்மாந்தரும் கடற்கன்னியருமாக எழுவர் மீனவர் வலையில் அகப்பட்டனர் என்றொரு செய்தி ஐரோப்பாவுக்கு எட்டியது. யேசுசபைக் குருமார் அவர்களைக் கண்ணாரக் கண்டனர் என்றும், கோவாவிலிருந்த அரசப்பிரதிநிதியின் வைத்தியரும் அதற்குச் சாட்சி என்றும் அச்செய்தி கூறிற்று. இலங்கையிலே குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1861இல் வெளிவந்த தமது நூலிலே இக்கதையை எடுத்துரைத்து, இதற்கு மூலமாயிருந்தது கடற்பசுவே என்று கருதினார்.

அக்கடற்பசு மன்னாரைத் தேடி வந்ததேன்? விடை எளிது. பசு புல்லைத் தேடி வரும்.

அன்பர்களே, மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணையிலும் ஆழங்குறைந்த நீரின் அடியிலே பரந்த புல்வெளிகள் உள்ளன. கரையிலே ஒதுங்கும் சாதாழையை அறியாதார் நம்மவருள் இலர். அதைப் பாசியென்று எண்ணுவோர் பலர். கடற்புல்லோ பாசியன்று, வேர் விட்டு, பூத்து, காய்த்து வாழும் தாவரமாகும். அதன் வேர்கள் சேற்றை இறுகப் பற்றுகின்றன. இலைகள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. இறாலும் நண்டும் கடலட்டையும் அங்கே வளர்கின்றன. நாம் விரும்பி உண்ணும் ஒரா மீனும் அப்புல்லையே மேய்கின்றது. ஆகவே, புல்வெளி அழியின் மீனவனின் உலையும் அவியாது.

முன்னாளில் இக்கடலுக்குக் காவல் எது? நம் கரைகளிலே கரைவலைக்குப் 'பாடு' என்றொரு முறை இருந்தது. இன்ன இடத்தில் இன்னார் வலை வளைப்பது, இன்னார் முறை முடிந்தபின் இன்னார் வருவது என்று ஊரவரே வகுத்துக் கொண்டனர். இம்முறை புல்லைக் காக்கவென ஏற்பட்டதன்று. தொழிலிற் பூசல் நேராதிருக்கவே ஏற்பட்டது. எனினும் கடல் பொதுச்சொத்து, அதில் எவரும் மனம்போனவாறு நடத்தலாகாது என்ற உணர்வை அது வளர்த்தது.

பின்னர் நிலைமை மாறிற்று. கடற்பசுவின் இறைச்சிக்கு இருந்த விருப்பம் அதற்கு எமனாயிற்று. 1970இல் சட்டம் அதற்குப் பாதுகாப்பளித்தது. ஆயினும் பல ஆண்டுகளுக்கு ஒரு கன்றே ஈனும் அவ்விலங்கு, வலையிலும் வெடியிலும் தொடர்ந்து மடிந்தது. பாக்கு நீரிணையின் மறுகரையில் பெருகிய இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரி, புல்லை வேரோடு பெயர்த்தன. கலங்கிய நீரிலே ஒளி புகாமையால், எஞ்சிய புல்லும் வாடிற்று. போர்க்காலத்திலே வடபகுதி மீனவர் கடலுக்குச் செல்ல இயலாதிருந்தனர். 2009இன் பின் மீண்டும் வலையுடன் சென்றபோது, அவர்தம் வலைகளும் இழுவைமடிகளாற் கிழிந்தன. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இழுவைமடித் தொழிலை இலங்கைக் கடலிலே தடைசெய்தது.

எனினும் சட்டம் ஏட்டில் இருக்கும். புல்லோ கடலடியில் இருக்கும். இரண்டுக்கும் இடையே நிற்பவன் மீனவன். இவ்வுண்மையை உணர்ந்தே, இலங்கையுட்பட எட்டு நாடுகளிலே 2015 முதல் கடற்பசுவையும் கடற்புல்லையும் காக்கும் திட்டமொன்று நடைபெற்றது. மக்களை விலக்கி வைத்தலன்று, அவர்க்கு வேறு வருவாய்க்கும் வழிகாட்டி, அவரையே காவலராக்குதல் அதன் கருத்தாகும். எதிர்க்கரையிலே தமிழ்நாட்டு அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. அங்கே வலையிற் சிக்கிய கடற்பசுவை உயிருடன் விடுவித்த மீனவர்க்குப் பரிசும் வழங்கப்பட்டது. மூங்கிற் சட்டங்களிலே தென்னங்கயிறு கட்டி, அதிற் புல்லைப் பிணைத்துக் கடலடியில் நடும் பணியிலும் மீனவர் கைகொடுத்துள்ளனர். வலை முடையத் தெரிந்த கைக்கு இஃது அரிய வேலையன்று.

அதே 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், இலங்கை முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மார்ச் முதலாந் திகதியை உலகக் கடற்புல் தினமாகப் பிரகடனஞ் செய்தது. இது நமக்குப் பெருமையே. பெருமையினும் பொறுப்பு மிகுதி. உலகுக்கு எடுத்துரைத்தோம், நம் கரைக்கு உரைத்தோமா?

பாடசாலை அதிபர் என்ற முறையில் ஒன்று கூறி அமைவேன். புல்வெளி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எப்பருவத்தில் எம்மீன் அதில் ஒதுங்குகின்றது என்பவற்றை முதிய மீனவர் அறிவர். நூலறிவு அவர்பாற் குறைவாயிருக்கலாம். கடலறிவு நம்பாற் குறைவு. அவரைப் பாடசாலைக்கு அழைத்து மாணவர்முன் பேசச் செய்வோம். அன்று நீரினுள்ளே ஓர் உயிரைக் கண்டு கன்னியென மயங்கினர். அவ்வுயிரைக் கதையில் மட்டுமே காணும் நிலைமைக்கு நம் பிள்ளைகளை ஆளாக்காதிருப்போமாக.