கப்பில் எத்தனை, குடலில் எத்தனை?

கடைகளில் 'புரோபயாடிக்' என்று அச்சிட்ட ஐஸ்கிரீமும் உறைதயிரும் கிடைக்கின்றன. நன்மை செய்யும் பாக்டீரியா அதில் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆனால் உறைகுளிரையும் இரைப்பை அமிலத்தையும் தாண்டி அது குடல்வரை போய்ச் சேருமா? இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல்.

1905-ல் பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் தம் நாட்டுத் தயிரில் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மெச்னிகோவ், அந்த நாட்டு மக்களின் நீண்ட ஆயுளுக்குத் தயிரே காரணம் என்று கருதினார். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர் சொன்னதால் ஐரோப்பாவில் தயிருக்குப் பெரிய மவுசு வந்தது. ஆனால் 1921-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரெட்ஜர், செப்லின் இருவரும் வேறு முடிவைச் சொன்னார்கள். பல்கேரிய பாக்டீரியா குடலில் தங்குவதில்லை. அசிடோபிலஸ் என்ற இனத்துக்கே அந்தத் திறன் உண்டு என்றார்கள்.

ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-ல் அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கும் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். அதுவே 1935-ல் யாகுல்ட் பானமாக விற்பனைக்கு வந்தது.

1970-களில் அமெரிக்காவில் உறைதயிர் அறிமுகமானதும் புதிய சிக்கல் எழுந்தது. குளிர் பாக்டீரியாவைத் தூங்க வைக்கும். ஆனால் உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் அதன் உறையைச் சிதைக்கும். மிருதுவாக்க அடித்துச் சேர்க்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பிஃபிடோ வகைக்கு ஆகாது.

1992-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கையே காட்டியது. உறைய வைத்த உடனே ஒரு மில்லிலிட்டர் ஐஸ்கிரீமில் அசிடோபிலஸ் 15 கோடி, பிஃபிடோ 25 கோடி. மைனஸ் 29 டிகிரியில் 17 வாரம் வைத்த பிறகு முறையே 40 லட்சம், 1 கோடி. இழப்பு பெரிது, ஆனாலும் 100 மில்லி கப்பில் அசிடோபிலஸ் மட்டுமே 40 கோடி மிச்சம்.

இது கப்பில் உள்ள இருப்புதான். குளிரில் காயம்பட்டவை இரைப்பை அமிலத்தில் எளிதில் மடியும். பாலின் புரதமும் கொழுப்பும் ஓரளவு கவசமாக நிற்கும். எந்த வகை பாக்டீரியா என்பதும் முக்கியம். அதனால்தான் 2001-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு, போதிய அளவில் உயிருடன் உட்செல்ல வேண்டும் என்பதை புரோபயாடிக்கின் இலக்கணத்திலேயே சேர்த்தது.

நம் நாட்டில் அமுல் 2007-ல் புரோபயாடிக் ஐஸ்கிரீமைக் கொண்டுவந்தது. 2011-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், பாக்டீரியாவின் முழுப் பெயரையும், காலாவதி நாளில் உயிரோடு இருக்கும் எண்ணிக்கையையும் லேபிளில் போடச் சொல்கிறது. தயாரித்த நாளின் எண்ணிக்கை தொடக்க இருப்பு மட்டுமே. நமக்கு வேண்டியது இறுதி இருப்பு.

வாங்கும்போது அந்த இரண்டையும் பாருங்கள். உருகி மீண்டும் உறைந்ததைத் தவிருங்கள். சர்க்கரை அளவையும் படியுங்கள். பாக்டீரியா இருப்பதால் ஐஸ்கிரீம் மருந்தாகிவிடாது.