பத்ருக்குச் செல்லாமலே பத்ரின் கூலி பெற்றவர்

பத்ருப் போரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் போர்க்களத்திலேயே நின்றுவிடுகிறோம். அதே ரமளானில் மதீனாவின் ஒரு வீட்டிற்குள் நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். அந்த வீட்டில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகள் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுப் படுத்திருந்தார்கள். அருகில் அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்கள் இருந்தார்கள்.

ருகையா (ரலி) அவர்களுக்கு அப்போது வயது ஏறக்குறைய 22. அதற்குள் அவர்கள் கண்ட சோதனைகள் பல. அபூலஹபின் மகனுடன் முன்பு ஏற்பட்டிருந்த மண உறவு, நபித்துவத்தின் மீதிருந்த பகையால் முறிக்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்களை மணந்தபின், கி.பி. 615இல் கணவருடன் கடல் கடந்து அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களை இழந்தார்கள். பின்னர் மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தார்கள். அப்துல்லாஹ் என்ற சிறு குழந்தைக்குத் தாயாகவும் இருந்தார்கள். இனியாவது அமைதி கிட்டும் என்று எண்ணத்தக்க வேளையில்தான் நோய் வந்தது. அதனை அம்மை நோய் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். தடுப்பூசி இல்லாத காலம் அது. பக்கத்திலிருந்து பணிவிடை செய்வதும் துஆச் செய்வதுமே குடும்பத்தாரின் கையில் இருந்தன.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) ரமளானில் நபி (ஸல்) அவர்கள் குறைஷியரின் வணிகக் கூட்டத்தை எதிர்நோக்கிப் புறப்பட்டார்கள். உடன் சென்றவர்கள் 300க்குச் சற்று அதிகமானோர். அவர்களிடம் இருந்தவை ஏறத்தாழ 70 ஒட்டகங்களும் இரண்டு குதிரைகளும்தாம். ஒவ்வொரு மனிதரும் தேவைப்பட்ட அந்தப் பயணத்தில், உஸ்மான் (ரலி) அவர்களை நோயாளியான மனைவியின் அருகில் இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். அன்று சிறுவராக இருந்த உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களும் உதவிக்காக மதீனாவில் விட்டுச் செல்லப்பட்டார்கள்.

ரமளான் 17 அன்று பத்ரில் வெற்றி கிடைத்தது. மதீனாவிலோ ருகையா (ரலி) அவர்களின் உயிர் பிரிந்தது. அவர்களை நல்லடக்கம் செய்து, கப்றின் மீது மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்த வேளையில்தான், வெற்றிச் செய்தியுடன் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தந்தை நற்செய்தியுடன் வருகிறார். மகன் உஸாமா (ரலி) மண்ணறையின் அருகில் நிற்கிறார். ஊரெங்கும் மகிழ்ச்சி பரவிய நாளிலேயே ஒரு வீட்டில் தாயற்ற குழந்தையும் துணையற்ற கணவரும் இருந்தார்கள். மகளின் இறுதி நேரத்தில் அருகில் இருக்கும் வாய்ப்பு நபி (ஸல்) அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வரலாறு இத்துடன் முடியவில்லை. பிற்காலத்தில் எகிப்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒருவர், இப்னு உமர் (ரலி) அவர்களிடம், "உஸ்மான் பத்ருக்கு வராதவர்தாமே?" என்னும் பொருளில் குறை கூறிக் கேட்டார். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதை மறுக்கவில்லை. வராததன் காரணத்தை எடுத்துரைத்து, நபி (ஸல்) அவர்கள் வழங்கிய கூலியையும் பங்கையும் நினைவூட்டினார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. உறவினரான ஸயீத் பின் ஸைத் (ரலி) அவர்கள் நோயுற்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை எட்டியபோது, ஜுமுஆவையும் விட்டுவிட்டு அவரிடம் விரைந்தவரும் இதே இப்னு உமர் (ரலி) அவர்கள்தாம்.

அந்த எகிப்தியரின் கேள்வி இன்றும் நம் தெருக்களில் கேட்கிறது. திடீரென்று நோயில் விழுந்த இளம் மகனுக்காகவோ மனைவிக்காகவோ தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவு பகலாக அமர்ந்திருப்பவரைப் பார்த்து, "தராவீஹுக்குக் காணோமே, விருந்துக்கு வரவில்லையே" என்கிறோம். அவரும் தம் அமல்கள் குறைந்துவிட்டனவோ என்று உள்ளூர வருந்துகிறார். அவர் வருந்த வேண்டியதில்லை. கடமையான தொழுகையை உரிய நேரத்தில் நிறைவேற்றிக்கொண்டு அவர் செய்யும் பணிவிடையும் இபாதத்தே.

நோயாளியைக் கவனிப்பது வீட்டுப் பெண்களின் வேலை என்று ஒதுங்கும் ஆண்களும் இதில் பாடம் பெற வேண்டும். மனைவியின் படுக்கையருகில் விடப்பட்டவர், பின்னாளில் கலீஃபாவாக உயர்ந்த உஸ்மான் (ரலி) அவர்கள். உஸாமா (ரலி) அவர்களைப் போல் நம் சிறுவர்களும் உதவிக்கு நிற்கப் பழக வேண்டும்.

இன்னொன்றையும் நாம் மனத்தில் இருத்த வேண்டும். இவ்வளவு பணிவிடைக்குப் பின்னும் ருகையா (ரலி) அவர்கள் பிழைக்கவில்லை. ஆயினும் உஸ்மான் (ரலி) அவர்களின் கூலி குறைக்கப்படவில்லை. முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. அன்புக்குரியவரைக் காப்பாற்ற இயலவில்லையே என்று ஆண்டுகள் கடந்தும் தம்மையே நொந்துகொள்ளும் பெற்றோருக்கும் துணைவருக்கும் இதில் ஆறுதல் உண்டு.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களின் அருகில் விழித்திருப்போருக்குப் பொறுமையையும் நிறைவான கூலியையும் அருள்வானாக! ஆமீன்.