அந்தரத்தில் நிற்கும் கலை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நமது மலையகப் பாதைகளைத் துண்டித்தபோது, கொத்மலையில் இந்திய விமானப்படை வீரரொருவர் அந்தரத்தில் நின்ற ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு, சிக்குண்டிருந்தோரை மீட்கத் துணைநின்றார்.

அவ்வாறு அசையாது நிற்பது ஹெலிகொப்டருக்கு இயல்பன்று. சிறிது சாய்ந்தாலும் அது நிலைகுலைந்து விலகியோடும். இதற்குப் பரிகாரம் பிறந்தது சின்னஞ்சிறு மாதிரிகளிலேயாம். 1928இல் அவற்றை ஆக்கிச் சோதிக்கத் தொடங்கிய ஆர்தர் யங் என்னும் அமெரிக்கர், பின்னர் சுழலும் அலகுகளுக்குக் குறுக்கே, இரு முனைகளிலும் எடை பொருத்திய தண்டொன்றை இணைத்தார். பம்பரத்தைப்போலத் தன் நிலை விடாது சுழன்ற அத்தண்டு, உடல் சாயுந்தோறும் அலகுகளின் கோணத்தைத் திருத்திற்று. அதனைப் பூண்ட பெல் 47, 1946 மார்ச் 8இல் குடிசார் பறப்புக்குச் சான்றிதழ் பெற்றது.

சிற்றுருவம் விரைந்து திரும்பும். விரைந்து கவிழவுஞ் செய்யும். தண்டின் பணியை நாளடைவில் மின்னணுச் சுழற்காட்டியும் கணினியும் ஏற்றன. 2001இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், சிறு ஹெலிகொப்டரொன்றை வானில் தானாகவே உருண்டு நிமிரச் செய்தனர்.

அவ்வித்தை வெறும் வேடிக்கையன்று. நிலைகுலைவிலிருந்து மீளும் அறிவே, மலைச்சரிவின் திடீர்க் காற்றில் கயிற்றில் தொங்கும் உயிருக்கு அரணாகும்.